காயுங்

மரியசெல்வியிடம் பொருள் வாங்கியவர்களில் ஏமாந்துவிட்டோம் என்று வருந்தியவர்கள் கிடையாது. அவளை ஏமாற்றிவிட்டோம் என்று மகிழ்ந்தவர்கள்தான் உண்டு. அப்படி மகிழ்ந்துபோகிறவர்தான் அடுத்த மாதமும் வருவார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அந்த மகிழ்ச்சிக்கும் சேர்த்தே விலை சொல்லுவாள்.

நெய்வேலி மெயின் பஜாரில் அவளுடையது பிளாஸ்டிக் கடை. பக்கெட், குடம், முறம், துடைப்பம், டிபன் டப்பா என்று கூரைவரை தொங்கும். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடைவெளி விட்டிருப்பாள். அந்த இடைவெளியில் முப்பது வருஷமாக அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா நெல்லிக்குப்பத்தில் பாத்திர வியாபாரி. அவர் அவளுக்குப் போட்ட நகையெல்லாம் எப்போதோ கரைந்துபோயிற்று. சொல்லிக்கொடுத்த வித்தை மட்டும் கரையவில்லை. விலை கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறவர்களை எப்போது கூப்பிடுவது என்பதுதான் அந்த வித்தை.

“மொத அடியில கூப்புட்டா நமக்கு அவசரம்னு தெரிஞ்சிபூடும். மூணாவது அடியில அவங்க காது நம்ம பக்கம் திரும்பியிருக்கும். அஞ்சாவது அடியிலதான் காலு கூசும். அப்ப கூப்புடணும்” என்பாள்.

ஐந்தாவது அடிவரை அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. பக்கெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பாள், ஆணியில் தொங்கும் முறத்தை நேராக்குவாள். வேண்டியதை வேண்டாததுபோல் பார்ப்பதில் மெயின் பஜாரில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை.

அவள் பேரம் பேசும்போது கணவன் லூர்துசாமி வாயைத் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கல்யாணமான புதிதில் பண்ருட்டியில் பீரோ வாங்கப் போனார்கள். அவள் அந்தப் பீரோவைக் குறை சொல்லிச் சொல்லிக் கடைக்காரரைப் பாதி கரைத்திருந்த நேரத்தில், லூர்துசாமி கதவைத் தட்டிப் பார்த்து, “நல்லா கனமாத்தான் இருக்குது செல்வி” என்றுவிட்டார். கடைக்காரர் அதற்குமேல் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை.

“இனிமே நான் பேசிகினு இருக்கறப்ப நீங்க எதனா மரத்தப் பாத்துகினு நில்லுங்க” என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டின் இரைச்சலுக்கு நடுவே முப்பத்தைந்து வருஷம் ஷிப்ட் பார்த்தவர் அவர். பேசாமல் இருப்பது அவருக்குக் கஷ்டமான காரியமே அல்ல. ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்திரா நகரில் சொந்த வீடு கட்டியபோதுகூட மேஸ்திரியிடம் அவள் பேசினாள். அவர் மரத்தைப் பார்த்தார்.

இவர்களுக்கு ஒரே பிள்ளை, ரெஜின். சுரங்கத்தில் பெல்ட் ஒட்டுகிற வேலை அவனுக்கு. கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று ஏழு வருஷம் காத்திருந்துவிட்டு, ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து இந்தோனேசியாவில் கலிமந்தான் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனான். போனவன் நாலு வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்தபோது பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். உயரம் குறைவு, சுருட்டைத் தலை, சிரித்தால் கண் காணாமல் போய்விடும். பெயர் யாசிந்தா. அங்கேயே கல்யாணம் முடித்துக் கூட்டி வந்திருந்தான்.

மரியசெல்வி சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தாள். வேற்று மதம் என்பதை முதல் குண்டாக வைத்திருந்தாள். வந்தவள் ஃப்ளோரெஸ் என்கிற தீவுக்காரி, அங்கே ஊரே கத்தோலிக்கர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, மாமியாரைவிடச் சுத்தமாகச் சிலுவை போட்டாள். முதல் குண்டு நமத்துப்போயிற்று.

இரண்டாவது குண்டு அவள் பெட்டிக்குள்ளிருந்து தானாகவே வந்தது. துணிகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் சாமான். தண்ணீர் மொள்ளுகிற நம் ஊர் மக்குக்குக் காது பக்கவாட்டில் இருக்கும். இதற்கு ஒரு முழ நீளத்தில் நேரான கைப்பிடி. மரியசெல்வி அதைக் கையில் வாங்கி, திருப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

“கடலத் தாண்டி ஒருத்தி மக்கு எடுத்துகினு வந்துருக்காடா. அதுவும் யாரு வூட்டுக்கு? பிளாஸ்டிக் கடக்காரி வூட்டுக்கு!”

“காயுங்” என்றாள் யாசிந்தா.

“இன்னாது?”

“அவங்க ஊர்ல அதுக்குப் பேரு காயுங்மா” என்றான் ரெஜின். சுரங்கத்துக் கேம்ப்புக்குப் போன முதல் நாள் குளிக்கப் போனவனுக்குத் தண்ணீர்த் தொட்டி மட்டும் இருந்தது, மொண்டு ஊற்ற ஒன்றும் இல்லை. மெஸ்ஸுக்கு வந்து மக் மக் என்று கேட்டிருக்கிறான். யாருக்கும் புரியவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் கையால் நடித்துக் காட்டியிருக்கிறான். “புதுசா வந்தவன் ஞானஸ்நானம் கேக்கறான்னு நெனச்சிக்கிச்சாம். அப்பறம்தான் இதக் கொண்டாந்து குடுத்துச்சி. நான் கத்துகின மொத வார்த்தை.”

யாசிந்தா அந்த மெஸ்ஸில் சோறு போடுகிறவள். மக் கேட்டவனுக்கு வாழ்க்கையையே கொடுத்துவிட்டாள். இதற்கு மேல் என்ன பேசுவது? மரியசெல்வி எழுந்து உலை வைக்கப் போனாள்.

குளியலறை ஆணியில் மக்கும் காயுங்கும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. முழுசாக ஒரு வருஷம், அந்தச் சிவப்புக் கண்றாவியைத் தொடமாட்டேன் என்று மரியசெல்வி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் குளித்துவிட்டு வந்தபின் லூர்துசாமி உள்ளே போனால், ஈரமாக இருந்தது காயுங்தான். முட்டிவலிக்காரிக்குக் குனியாமல் மொள்ள முடிந்தது. தன் முதுகில் தானே ஊற்றிக்கொள்ள முடிந்தது. லூர்துசாமி யாரிடமும் சொல்லவில்லை.

யாசிந்தாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே போவதானாலும் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போவாள். கோயிலுக்கு, மாவு மில்லுக்கு, பக்கத்து வீட்டுக்கு, எதுவானாலும், “அத்த, போவட்டுமா?” கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அப்படியே நிற்பாள். ஒருநாள் மரியசெல்வி விளையாட்டாக, “போவாத” என்று சொல்லிப் பார்த்தாள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் ஊரில் அப்படித்தானாம். பெரியவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ரெஜின் மறுபடி பழைய கான்ட்ராக்ட் வேலையிலேயே சேர்ந்திருந்தான். வந்து ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு காலை நேரத்தில், முதல் ஷிப்டுக்குக் கிளம்பி வாசலில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ரெஜின் அப்படியே முன்பக்கம் சாய்ந்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது ஒரு கால் ஷூவோடும் ஒரு கால் வெறுமனேயும் கிடந்தான். வயது முப்பத்து நாலு. பிள்ளை குட்டி இல்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்வரை மரியசெல்வி கூடத்துத் தரையில் கட்டிய புடவையோடு கிடந்தாள். அவளுடைய தங்கை டெய்சி மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். கெஞ்சினாள், அதட்டினாள், கஞ்சியை வாயருகே கொண்டுபோனாள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் யாசிந்தா வந்து அவளுடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். சின்ன உடம்பு, எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. குளியலறைக்குக் கொண்டுபோய், ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள். காயுங்கால் மொண்டு முதலில் பாதத்தில் ஊற்றினாள். அப்புறம் கையில். அப்புறம் தோளில். கடைசியாகத்தான் தலையில்.

பிள்ளைப் பேற்றுக்கு அப்புறம் மரியசெல்விக்கு இன்னொருவர் தண்ணீர் ஊற்றியது அன்றைக்குத்தான். அந்தப் பிள்ளையைத்தான் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

“நீ குளிச்சியாடி?” என்று மரியசெல்வி கேட்டாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

யாசிந்தா இல்லை என்று தலையாட்டினாள். மரியசெல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, காயுங்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வெளியே டெய்சிக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மேல் தொட்டி காலியாகிக் குழாய் இருமியபோது லூர்துசாமி ஒன்றும் கேட்காமல் போய் மோட்டாரைப் போட்டார்.

அதற்குப் பிறகு யாசிந்தா கடைக்கு வரத் தொடங்கினாள். ஆறே மாதத்தில் பஜார் தமிழ் வந்துவிட்டது. “கட்டுப்படியாவாதுங்க” என்று அவள் உதட்டைப் பிதுக்கிச் சொல்லுவதைக் கேட்பதற்காகவே பெண்கள் பேரம் பேசினார்கள். காயுங்கை விற்கலாம் என்பது அவளுடைய யோசனைதான். மரியசெல்வி அந்தச் சிவப்புச் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனாள். அதேமாதிரி நீளக் கைப்பிடி வைத்து வார்த்துத் தரச் சொல்லி, கட்டாது என்று எழுந்து நடந்தும் காட்டி, பட்டறைக்காரர் கண்ணில் தண்ணீர் வரும்வரை விலை பேசினாள். யாசிந்தா பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில், “அஞ்சாவது அடி வரைக்கும் அவரு கூப்புடலியே அத்த, ஒங்களுக்குப் பயமா இல்லியா?” என்று கேட்டாள்.

“உள்ள கிடுகிடுன்னுதான் இருந்துச்சி. மூஞ்சியில காட்டக் கூடாதுடி. காட்டுனா போச்சி.”

யாசிந்தா ஜன்னலைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டாள்.

கடையில் காயுங் ஐந்து நிறத்தில் தொங்கியது. “இது இன்னாம்மா, பாயசக் கரண்டியா?” என்று கேட்டாள் கலியம்மாள். பக்கத்தில் தரையில் கீரை பரப்பி விற்கிறவள்.

“பாயசம் காச்சறதுக்கு உன் வூட்ல அண்டா இருக்குதா? காயுங்கு. பாரின் அயிட்டம். குனிய வேணாம், முட்டி நோவாது, முதுவுக்கு நீயே ஊத்திக்கலாம்.”

“எனக்கு ஊத்த ஆள் இருக்குது.”

“எத்தினி நாளைக்கு? வாங்கி வையி.”

கலியம்மாள் வாங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். ஒரு வருஷத்துக்குள் டவுன்ஷிப் பிளாக்குகளில் வேலைக்காரம்மாக்கள்கூட “காயுங்கு ஒடஞ்சிபோச்சி, இன்னொண்ணு குடு” என்று கேட்டு வந்தார்கள். கம்பெனிக்கு வேலைக்கு வந்த நாலு ஜில்லாக்காரர்களும் நாலு விதமாகச் சொல்லும் சாமானுக்கு நெய்வேலியில் ஒரே பெயர் ஆயிற்று. அந்தப் பெயரைக் கொண்டுவந்தவள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மரியசெல்வி சிரிக்கமாட்டாள். ஆனால் யாசிந்தா சாப்பிடப் போன நேரத்தில் யாராவது வந்தால், “என் மருமவ கண்டுபுடிச்சது” என்று கேட்காமலேயே சொல்லுவாள். அவள் திரும்பி வருவது தெரிந்தால் பேச்சை மாற்றிவிடுவாள்.

டெய்சிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. கெட்டவள் இல்லை, நடப்பதைப் பேசுகிறவள். “புள்ளயே இல்ல. அவ மேல உனக்கு இன்னா பாத்தியதக்கா? ஒரு பேரப்புள்ள இருந்தாலாவது இழுத்துப் புடிச்சி வைக்கலாம். சின்ன வயசு. இன்னைக்கி இல்லன்னா நாளைக்கிப் போவப்போறா.”

“போனா போவட்டும். நானா கட்டி வச்சிருக்கேன்?” என்றாள் மரியசெல்வி. சொல்லும்போதே உள்ளுக்குள் கிடுகிடுவென்றது.

ஏனென்றால் டெய்சி சொன்னது உண்மை. வேறு எந்தப் பொருளானாலும் பிடித்து நிறுத்த ஒரு பிடி இருக்கும், இதில் இல்லை. வருஷா வருஷம் யாசிந்தா இங்கே தங்குவதற்குக் கடலூரில் போய்ப் பேப்பர் புதுப்பிக்க வேண்டும். ஜூன் மாதம் வந்தால் மரியசெல்விக்குச் சோறு இறங்காது. போன ஜூனுக்கு இரண்டு வாரம் முன்னால், சாயங்காலம் கடையை எடுத்து வைக்கும்போது, யாசிந்தா பக்கெட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அத்த, நான் ஊருக்குப் போவட்டுமா?”

“எந்த ஊருக்கு?”

“எங்க ஊருக்கு. அம்மா கூப்புட்றாங்க. இந்த வருஷம் பேப்பர் போடணுமா வேணாமான்னு...” அதோடு நிறுத்திவிட்டு, கையில் பக்கெட்டோடு நின்றாள். கேட்டுவிட்டு நிற்பது அவள் வழக்கம்.

மரியசெல்வியின் முகம் முப்பது வருஷப் பழக்கத்தில் தானாகவே கடை முகமாக மாறிவிட்டது. முறத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள். நேராக்கினாள்.

“போயேன். உன்ன யாரு புடிச்சி வச்சா?”

யாசிந்தா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். “சரி அத்த” என்றாள்.

வீட்டில் லூர்துசாமி மனைவிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “வேணும்னா வேணும்னு வாயத் தொறந்து சொல்லித் தொலையேன். அது கேட்டுகினுதான நிக்குது.”

“நீங்க சும்மா இருங்க. நான் கெஞ்சினா அவ இருப்பா. அது எனக்குத் தெரியாதா? வயசானதுங்க ரெண்டு, புள்ளயப் பறிகுடுத்துட்டுக் கெடக்குதுங்கன்னு எரக்கப்பட்டு இருப்பா. எரக்கத்துக்கு இருக்கறவ எத்தினி நாளைக்கு இருப்பா? அவளுக்கா இருக்கணும்னு தோணணும். தோணும். பாருங்க நீங்க.”

“தோணலன்னா?”

“டிக்கெட்டு போடற வரைக்கும்தான் இந்தப் பேச்சு. காசு எறங்குனா புத்தி வரும்.”

டிக்கெட் போட்டாயிற்று. புத்தி வரவில்லை. மரியசெல்வி இன்னொரு படி ஏறினாள். தானே பெட்டி வாங்கி வந்து, தானே துணி மடித்து வைத்தாள். வந்தவர் யோசிக்கும்போது அதே சாமானை வேறொருவருக்குக் கட்டுவதுபோல் கட்டினால், “ஏங்க, அது எனக்குங்க” என்று பாய்ந்து வருவார்கள். கடையில் ஒருநாளும் தப்பாத வழி. யாசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் துணி மடிப்பதைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. “அத்த, நெஜமாவே போவட்டுமா?” என்று இரண்டாவது முறை கேட்டாள்.

“பெட்டியே கட்டியாச்சி, இன்னா கேள்வி இது?”

இதில் யார் யாரிடம் பேரம் பேசினார்கள் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். பாண்டிச்சேரி பஸ்ஸில் முகத்தில் காட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது யார்?

ஆர்ச் கேட்டில் சென்னை பஸ். லூர்துசாமி ஏர்போர்ட் வரை கூடப் போவதாக ஏற்பாடு. பெட்டியை ஏற்றிவிட்டு வந்து நின்றார். மனைவியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். “செல்வி...” என்று ஆரம்பித்தார். மரியசெல்வி கண்ணை உருட்டினாள். அவர் திரும்பிச் சாலையோரத்து வேப்ப மரத்தைப் பார்த்தார்.

“அத்த, போவட்டுமா?” மூன்றாவது முறை.

“பஸ்ஸு நிக்குது பாரு. போ.”

யாசிந்தா நடந்தாள். மரியசெல்வி பூக்காரியின் கூடையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அடியை எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது அடியில் யாசிந்தா நின்றாள். திரும்பினாள். திரும்பி வந்தேவிட்டாள்.

மரியசெல்விக்கு மூச்சு வந்தது.

“கடச் சாவி என் பையிலயே இருந்துச்சி அத்த.” சாவியை மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் நடந்து போனவர் தானாகத் திரும்பி வரும்போது எந்த வியாபாரியும் விலையை இறக்கமாட்டான். அந்த நேரத்தில் சும்மா இருப்பதுதான் வித்தை. அவள் “ம்” என்றாள்.

யாசிந்தா மறுபடி நடந்தாள். ஒருமுறை திரும்பியவள் இன்னொரு முறையும் திரும்புவாள் என்று மரியசெல்வி காத்திருந்தாள். ஐந்தாவது அடி பஸ்ஸின் படிக்கட்டாக இருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் நிற்கும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூக்காரி இரண்டு முழம் பூவைக் கட்டி நீட்டி, “ரொம்ப நேரமா பாத்துகினே இருக்கறியே, வாங்கிக்கம்மா” என்றாள்.

மறுநாள் மத்தியானம் லூர்துசாமி திரும்பி வந்தார். தண்ணீர் குடித்தார். “பண்ருட்டி தாண்டறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துகினே வந்துச்சி” என்றார்.

“நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கத்தினாள். “வாயில இன்னா வச்சிருந்தீங்க?”

“நீ பேரம் பேசிகினு இருந்த” என்றார் லூர்துசாமி.

அதற்குப் பிறகு எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்து வந்தபின் யாசிந்தாவிடமிருந்து போன் வரும். மழையைப் பற்றிப் பேசுவார்கள், மீன் விலையைப் பற்றிப் பேசுவார்கள். “எப்ப வர்ற?” என்று மரியசெல்வி ஒருநாளும் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் மட்டும், “அவங்கம்மாவப் பாக்கப் போயிருக்கா. வந்துருவா” என்பாள். அந்தப் பதிலில் பேரத்துக்கு இடம் இருக்காது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. கலியம்மாள் வந்து ஒரு குடத்தை எடுத்துத் தட்டிப் பார்த்து, அடிமாட்டு விலைக்குக் கேட்டாள். மரியசெல்வி முடியாது என்றாள். கலியம்மாள் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பி ஒரு கால் எடுத்து வைத்தாள்.

“கலியம்மா! போவாத! எடுத்துக்க, நீ சொன்ன வெலைக்கே எடுத்துக்க!”

முதல் அடி. கலியம்மாள் பயந்துபோய்த் திரும்பினாள். “குடம் ஓட்டையா?”

“ஓட்டையெல்லாம் இல்ல. எடுத்துக்கினு போ.”

“ஒடம்பு கிடம்பு சரியில்லியா உனக்கு?” என்று கேட்டுக்கொண்டே கலியம்மாள் குடத்தை வெயிலில் தூக்கி ஓட்டை தேடினாள். மரியசெல்வி கடையைப் பாதியில் மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“போன எடுங்க” என்றாள் கணவனிடம். “அவளுக்குப் போடுங்க. கேட்டுறப் போறேன்.”

லூர்துசாமி கையிலிருந்த பேப்பரைக் கீழே போட்டார். “இன்னான்னு கேப்ப? சொல்லிப் பாரு எனக்கு.”

“வந்துரும்மா, எனக்கு நீ வேணும்னு.” முப்பது வருஷத்தில் எந்தப் பொருளைப் பார்த்தும் அவள் சொல்லாத சொல்.

“அவ்ளோதான். வேற ஒண்ணும் சேக்காத. மூஞ்ச ஒரு மாதிரியா வச்சிக்காத.” நம்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். “அத்த! புதங்கெழம கூப்புட்றீங்க? நானே ஒங்ககிட்டப் பேசணும்னு இருந்தேன். ஞாயித்துக்கெழமை வரைக்கும் எப்பிடி இருக்கறதுன்னு நெனச்சிக்கினே இருந்தேன்.”

“இன்னாடி?”

அந்தப் பக்கம் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் யாசிந்தா சொன்னாள். அந்த ஊரிலேயே ஒருவர். படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவர். மனைவி இறந்து மூன்று வருஷம். அவருடைய அம்மா வந்து கேட்டிருக்கிறார்கள். நல்ல மாதிரி. குடிக்கமாட்டார். “அம்மா சரின்னுட்டாங்க. நான் இன்னும் சொல்லல. ரெஜினுக்கு அம்மா நீங்க. ஒங்களக் கேக்காம நான் எப்பிடி...” குரல் சின்னதாகியது. “அத்த, நான் பண்ணிக்கட்டுமா?”

கேட்டுவிட்டு நின்றாள். கடலுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பது மரியசெல்விக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவாள். பேப்பர் போட்டு, டிக்கெட் போட்டு, அடுத்த மாதமே ஆர்ச் கேட்டில் வந்து இறங்குவாள். இவ்வளவு மலிவாக எந்தப் பொருளும் அவள் கைக்கு வந்ததில்லை.

எதிரே லூர்துசாமிக்கு ஒன்றும் கேட்கவில்லை. சொல்லு, சொல்லு என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“நல்லவனாடி?” என்றாள் மரியசெல்வி.

“நல்லவரு அத்த.”

“அவங்கம்மா எப்பிடி?”

“ரொம்பப் பேசறாங்க.”

“பேசட்டும். பேசறவங்கள நம்பலாம்.” போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். “பண்ணிக்கம்மா. நல்லா இரு. நான் நெஜமாத்தான் சொல்றேன், கேட்டியா? நெஜமாத்தான்.”

யாசிந்தா அழுதாள். மரியசெல்வி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். லூர்துசாமியின் கை ஆடுவது மெல்ல நின்றது. அவர் மனைவியின் முகத்தையே பார்த்தார். இந்த முறை மரத்தைப் பார்க்கவில்லை.

அழுகை ஓய்ந்தபின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யாசிந்தா கேட்டாள். “நான்பாட்டுக்குப் பேசிகினே இருக்கேன். நீங்க எதுக்கு அத்த கூப்புட்டீங்க?”

“சும்மாதான்.”

“சும்மாவா? ஒங்களுக்குத்தான் சும்மா எதுவும் செய்யத் தெரியாதே!” அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

“சும்மாதான்டி” என்றாள் மரியசெல்வி.